லாக்டுலோஸ் சிரப் கொடுத்தும் வெளிக்குப் போகவில்லை, அளவைக் கூட்டலாமா?

தேன்சிட்டு:
வணக்கம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி அதிகமான பிறகு நடமாட்டம் குறைந்தது, அப்போதிலிருந்தே மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார், இரவு படுக்கப் போகும்போது 15 மில்லி. நேற்று இரவுதான் முதல் வேளை. இன்று சாயங்காலம் ஆகியும் வெளிக்குப் போகவில்லை, வயிறு மட்டும் கடமுடா என்று இரைகிறது, உப்பிக்கொண்டு இருக்கிறது என்கிறார். உறவினர் ஒருவர், இன்றைக்கு மூன்று மடங்காக ஊற்றிக் கொடு, கூடவே ஒரு பேதி மாத்திரையும் போடு, காலையில் எல்லாம் சுத்தமாகிவிடும் என்கிறார். அம்மாவும் அதையே கேட்கிறார், பார்க்கவே பாவமாக இருக்கிறது. கூட்டிக் கொடுக்கலாமா? பிரஷருக்கு ஒரு மாத்திரை, முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறார், வேறு நோய் எதுவும் இல்லை.

மாத்திரைப்பெட்டி:
கூட்டாதீர்கள், பேதி மாத்திரையும் வேண்டாம். நான் மருந்தாளுநர், இந்தச் சிரப்பை வாங்கிப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இது மறுநாள் காலையிலேயே வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்பதைத்தான். குடித்ததிலிருந்து 24 முதல் 48 மணி நேரம் ஆகும், சிலருக்கு மூன்றாவது நாள்தான் பலன் தெரியும்.

காரணம் அது வேலை செய்யும் விதம். லாக்டுலோஸ் ஒரு செயற்கைச் சர்க்கரை, காலக்டோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்தது. அதை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது, அதனால் ரத்தத்தில் சேராமல் அப்படியே பெருங்குடல் வரை போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியா அதை நொதிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகிறது, அவை தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பிடித்துவைக்கின்றன. பல நாள் தங்கிக் கெட்டியாகிப்போன மலம் காய்ந்த களிமண் மாதிரிதான், மேலே தண்ணீர் ஊற்றினால் உடனே இளகாது, ஊற நேரம் வேண்டும். அம்மாவுக்கு வயிறு இரைவதும் உப்புவதும் அந்த நொதித்தலில் வரும் காற்றால்தான். முதல் சில நாட்களில் பலருக்கும் இது இருக்கும், போகப்போகக் குறையும். இப்போது மூன்று மடங்கு கொடுத்தீர்கள் என்றால் இன்றைக்குக் கிடைக்கப்போவது மூன்று மடங்கு காற்று, நாளை மறுநாள் நேற்றைய மருந்தும் இன்றைய மருந்தும் மாத்திரையும் ஒரே நேரத்தில் வேலை செய்து நிற்காத பேதி. முழங்கால் வலியோடு இருக்கும் ஒருவர் இரவில் நான்கைந்து தடவை அவசரமாகக் கழிவறைக்கு ஓடுவதை நினைத்துப் பாருங்கள், வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

ஆனால் பதில் சொல்வதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. வாந்தி இருக்கிறதா? காற்றாவது பிரிகிறதா? வயிற்றுவலி விட்டுவிட்டுப் பிசைகிற மாதிரியா, தாங்கமுடியாத மாதிரியா? மலத்தில் ரத்தமோ, தார் மாதிரிக் கருப்போ பார்த்தீர்களா? எடை காரணமில்லாமல் குறைந்திருக்கிறதா? வாந்தியோடு, காற்றும் பிரியாமல், வயிறு கெட்டியாக உப்பியிருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது எந்த மலமிளக்கியும் வாயில் போகக்கூடாது, நேரே அவசரச் சிகிச்சைக்குத்தான் போகவேண்டும்.

அப்புறம், அந்த வலி மாத்திரையின் பெயர் என்ன, பிரஷர் மாத்திரையின் பெயர் என்ன? அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கிணற்றடி:
மேலே சொன்னது அத்தனையும் சரி. என் மாமனாரை வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்கிறேன், அவரும் இதே சிரப்தான். எங்கள் வீட்டில் ஆரம்பத்தில் நடந்த குழப்பம் எல்லாம் கரண்டியால் வந்தது. ஆளுக்கு ஒரு கரண்டியில் ஊற்றிக் கொடுத்தோம், ஒருநாள் ஒன்றுமே ஆகாது, மறுநாள் தண்ணீராகப் போகும். பாட்டிலோடு வரும் அளவு மூடியை எடுத்துச் சமதளத்தில் வைத்து, குனிந்து கண்ணுக்கு நேராகக் கோட்டைப் பார்த்து ஊற்றுங்கள். இது தேன்பதத்தில் இருக்கும், மூடியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதனால் அதிலேயே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்கவைத்துவிடுங்கள். உடனே மூடியைக் கழுவி வையுங்கள், காய்ந்து பிசுபிசுத்தால் கோடே தெரியாது. குமட்டும் அளவுக்கு இனிப்பு என்றால் தண்ணீரிலோ பழச்சாற்றிலோ பாலிலோ கலந்து கொடுக்கலாம், மருந்தின் வேலை கெடாது. வாயையும் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இரவில் அந்த இனிப்பு பல்லில் தங்கக்கூடாது.

தேன்சிட்டு:
மிக்க நன்றி. வாந்தி இல்லை, காற்று நிறையவே பிரிகிறது, ரத்தம் எதுவும் இல்லை. வலி லேசான பிசைவுதான். அட்டையைப் பார்த்தேன், வலிக்கு டிரமடால், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு. வலி மாத்திரை வேறொரு டாக்டர் கொடுத்தது. சிரப் எழுதியவரிடம் அதைச் சொன்னோமா என்று நினைவில்லை, 'வலிக்கு மாத்திரை' என்று மட்டும் சொல்லியிருப்போம்.

மாத்திரைப்பெட்டி:
இதைத்தான் தேடினேன். டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்யும் வலிநிவாரணி. அந்த வகை மருந்துகள் குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும், மலம் ஒரே இடத்தில் தங்கித் தங்கித் தண்ணீரெல்லாம் உறிஞ்சப்பட்டு இறுகிப்போகும். நடமாட்டம் குறைந்தது ஒரு காரணம்தான், ஆனால் அம்மாவுக்கு மலச்சிக்கல் ஆரம்பித்த நாளும் இந்த மாத்திரை ஆரம்பித்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால், சிரப் எழுதிய டாக்டருக்கு அது கட்டாயம் தெரியவேண்டும். ஓபியாய்டால் வரும் மலச்சிக்கலுக்கு மலத்தை இளக்குவது மட்டும் பல நேரம் போதாது, குடலைத் தூண்டும் மருந்தையும் சேர்த்தே கொடுப்பார்கள். அல்லது வலிக்கு வேறு மருந்து மாற்றுவார்கள். அதை முடிவுசெய்ய வேண்டியவர் அவர், நீங்களாக டிரமடாலைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், நாள்பட்டு எடுத்தவருக்கு அப்படி நிறுத்தினால் வேறு உபாதைகள் வரும்.

பிரஷர் மாத்திரைக்கு வருகிறேன். அது சிறுநீரைக் கூட்டும் வகை, உடலிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும். பேதி ஆனாலும் பொட்டாசியம் போகும். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் மிகவும் இறங்கித் தசைத் தளர்ச்சி, தலைச்சுற்றல், இதயத்துடிப்பில் கோளாறு வரை போகலாம். உங்கள் உறவினர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்ன மூன்று மடங்கு அம்மாவுக்கு ஏன் ஆபத்து என்பது இந்த ஒரு மாத்திரையிலேயே இருக்கிறது. வயதானவர்கள், உடல் நலிந்தவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் லாக்டுலோஸ் எடுத்தால் அவ்வப்போது ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்க்கவேண்டும் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே போட்டிருக்கிறது.

வேப்பங்கொழுந்து:
எல்லாம் சரி, ஆனால் ஏன் இந்தக் கெமிக்கல் சிரப்? ஒருமுறை ஆரம்பித்தால் குடல் அதற்கே பழகிப்போய் மருந்தில்லாமல் போகவே போகாது என்கிறார்கள். நிலாவரைப் பொடியை இரவில் வெந்நீரில் போட்டுக் குடித்தால் காலையில் தானாகப் போகும், இயற்கையானது.

மாத்திரைப்பெட்டி:
நிலாவரை நல்ல மருந்துதான், உலகம் முழுவதும் மாத்திரையாகவும் சிரப்பாகவும் டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். அதனாலேயே அதற்கும் அளவு முக்கியம். அது குடல்சுவரின் நரம்புகளைத் தூண்டி 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும், வயிற்றைப் பிசையும், அளவு மீறினால் பேதியாகும். பொடியில் ஒரு சிட்டிகைக்கும் இன்னொரு சிட்டிகைக்கும் வீரியம் மாறும், மாத்திரையில் அது குறித்த அளவில் இருக்கும். இயற்கை என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்கில்லாமல் எடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, சிரப்போடு சேர்த்து எடுத்துவிட்டு டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய.

பழகிப்போகும் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லாக்டுலோஸ் புதிய சரக்கு கிடையாது, 1950-களின் கடைசியிலிருந்தே மலச்சிக்கலுக்குப் பயன்படுகிறது. அது குடல் நரம்பைத் தூண்டுவதில்லை, தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தியதும் திரும்ப மலச்சிக்கல் வருகிறது என்றால், பெரும்பாலும் அதை உண்டாக்கிய காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று பொருள். டிரமடால் எடுத்துக்கொண்டே சிரப்பை நிறுத்தினால் சிக்கல் திரும்பத்தான் செய்யும், அதற்குச் சிரப்பைக் குறை சொல்லமுடியாது. இரும்புச்சத்து மாத்திரை, சில மனச்சோர்வு மருந்துகள், வெராபமில் மாதிரியான சில இதய மருந்துகள், தைராய்டு சுரப்புக் குறைவு, உடலில் கால்சியம் கூடுவது, பார்க்கின்சன் நோய் என்று காரணங்கள் எத்தனையோ. இவற்றைத் தேடாமல் வருடக்கணக்கில் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பதுதான் என் கண்ணில் பெரிய தவறு.

அதோடு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மலச்சிக்கல் ஆரம்பித்து விடாமல் இருந்தால், மலம் போகும் பழக்கமே மாறிப்போனால், வீட்டு வைத்தியம் எதையும் தொடராமல் ஒருமுறை முறையாகப் பரிசோதித்துவிடுங்கள். பெருங்குடல் புற்றுநோய் சில நேரம் இப்படித்தான் தலைகாட்டும்.

மழைத்துளி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், எனக்குச் சர்க்கரை நோய். சிரப் இவ்வளவு இனிப்பாக இருக்கிறதே, குடிக்கலாமா?

மாத்திரைப்பெட்டி:
லாக்டுலோஸ் உடலில் சேராது என்பதால் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் சாதாரண அளவில் ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாது. ஆனால் சிரப்பில் கொஞ்சம் காலக்டோஸும் லாக்டோஸும் கலந்தே வரும், அவை உடலில் சேரும். ஆகவே டாக்டருக்கு உங்கள் சர்க்கரை நோய் தெரிந்திருக்கவேண்டும், ஆரம்பிக்கும் நாட்களில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் நேரத்தில் சர்க்கரையைப் பார்த்து எழுதிவையுங்கள். காலக்டோசீமியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இதை அறவே தொடக்கூடாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

அரும்பு:
என் பையனுக்கு ஐந்து வயது. டாக்டர் இதே சிரப் கொடுத்திருக்கிறார். ஆனால் நேற்றிலிருந்து ஜட்டியில் தண்ணீராக ஒட்டுகிறது, அவனுக்குத் தெரியாமலே. பேதியாகிவிட்டது என்று நினைத்து இன்று சிரப்பை நிறுத்திவிட்டேன். திட்டவும் செய்தேன், மனது கேட்கவில்லை.

கிணற்றடி:
அரும்பு, அவனைத் திட்டவேண்டாம், அது அவன் கட்டுப்பாட்டில் இல்லை. என் பெண்ணுக்கும் இப்படி இருந்தது. உள்ளே பெரிய கட்டியாக மலம் அடைத்துக்கொண்டிருக்கும், மேலே இருக்கும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசிந்து வரும். பார்க்கப் பேதி மாதிரி இருக்கும், உண்மையில் அது முற்றிய மலச்சிக்கல். வயதானவர்களுக்கும், முக்கியமாகப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் இதே மாதிரி வரும், வீட்டில் உள்ளவர்கள் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்து நிலைமையை இன்னும் மோசமாக்கிவிடுவார்கள். இன்றே டாக்டரிடம் பேசுங்கள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தே அவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

மாத்திரைப்பெட்டி:
கிணற்றடி சொன்னதற்கு மேல் கொஞ்சம் மட்டும். குழந்தைக்கான அளவு வயதையும் எடையையும் வைத்து டாக்டர் போடுவது, பெரியவர்களுக்குச் சொன்ன எண்ணை எடுத்துப் பாதியாக்கிக் கொடுக்கக்கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சில் மில்லி பார்த்துக் கொடுங்கள். குழந்தைகள் ஒருமுறை வலித்துவிட்டால் அடுத்தமுறை பயந்து அடக்குவார்கள், அடக்க அடக்க இறுகும், இறுகியது மீண்டும் வலிக்கும். அந்தச் சுற்று அறுந்து, வலிக்காது என்று அவன் மனது நம்பும்வரை மருந்து தொடரவேண்டும், அது வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஆகலாம். நான்கு நாள் நன்றாகப் போனதும் நிறுத்தினால் திரும்ப ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அடைப்பு பெரிதாக இருந்தால் மருந்தை மாற்றவும் செய்வார்கள்.

நிழல்குடை:
இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு விஷயம் சொல்லாமல் போகமுடியவில்லை. என் அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்க நோய். அவருக்கும் லாக்டுலோஸ்தான், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று வேளை, அளவும் மிக அதிகம். யாராவது இங்கே '15 மில்லி போதும், கூட்டாதே' என்று படித்துவிட்டுத் தங்கள் வீட்டுக் கல்லீரல் நோயாளிக்கு அளவைக் குறைத்துவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். கல்லீரல் கெட்டால் அம்மோனியா மாதிரியான கழிவுகள் ரத்தத்தில் ஏறி மூளையைக் குழப்பும், லாக்டுலோஸ் அதைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது. அவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போவதுதான் குறி. ஒருமுறை அப்பா, பேதி மாதிரிப் போகிறது என்று எங்களிடம் சொல்லாமல் குடிப்பதை விட்டுவிட்டார். பகலில் தூங்கி வழிந்தார், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டது, என் பெயரையே தடுமாறிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் தெளிந்தார்.

மாத்திரைப்பெட்டி:
மிக முக்கியமான பதிவு, நன்றி நிழல்குடை. கல்லீரல் நோய்க்கு 1966 முதலே இதைக் கொடுத்துவருகிறார்கள், அங்கே அது உயிர்காக்கும் மருந்து. பாட்டில் ஒன்றுதான், நோக்கம் வேறு, அளவும் வேறு. அவர்களுக்கும் தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தால் ஆபத்துதான், உடல் வற்றி மூளைக் குழப்பம் இன்னும் கூடும், ஆனால் அப்போது செய்யவேண்டியது டாக்டருக்குப் போன் போட்டு அளவைக் குறைப்பது, தானாக நிறுத்துவது கிடையாது.

கிணற்றடி:
தேன்சிட்டு, மருந்து தன் வேலையைச் செய்யும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக ஒருமுறை அசையும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அது வலுவாக இருக்கும். அந்த நேரத்தில் அம்மாவைக் கழிவறையில் உட்காரவையுங்கள், வந்தாலும் வராவிட்டாலும். மேல்நாட்டுக் கழிவறை என்றால் காலுக்குக் கீழே ஒரு தாழ்வான பலகை, முழங்கால் இடுப்பைவிட உயரமாக வருமாறு. அப்படி உட்கார்ந்தால் மலக்குடலை மடக்கிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். முழங்கால் வலி இருப்பதால் அம்மாவால் எவ்வளவு மடக்கமுடியுமோ அவ்வளவுதான், வற்புறுத்தாதீர்கள். முக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஆயிற்றா ஆயிற்றா என்று கேட்காதீர்கள், பெரியவர்களுக்கு அதுவே கூச்சமாகி வருவதும் நின்றுவிடும். கைப்பிடி ஒன்று சுவரில் இருந்தால் தைரியமாகத் தனியாக உட்காருவார்.

தண்ணீர் குடிக்கிறாரா? எங்கள் வீட்டில் அடிக்கடி எழுந்து போகவேண்டுமே என்று மாமனார் தண்ணீரையே குறைத்துவிட்டிருந்தார், பிறகுதான் தெரிந்தது. இந்த மருந்துக்குத் தண்ணீர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இதய, சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவைத் தாண்டவேண்டாம்.

தேன்சிட்டு:
டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன். டிரமடால் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது, சொன்னதும் 'இதை முதலிலேயே சொல்லியிருந்தால்' என்றார். சிரப் அளவை மாற்றவேண்டாம், இன்றும் 15 மில்லிதான் என்றார். வலி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துப் பாராசிட்டமாலுக்கு மாற்ற அந்த டாக்டரிடம் தானே பேசுவதாகச் சொன்னார், பொட்டாசியம் பார்க்க ரத்தப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார். நாளை மறுநாள் வரை எதுவும் ஆகவில்லை என்றால் நேரில் வரச்சொன்னார். அம்மாவிடம் ஏன் உடனே போகாது என்று நீங்கள் சொன்ன மாதிரியே விளக்கினேன், இப்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறார்.

ஒரு சின்னச் சந்தேகம். வீட்டில் போன வருடம் வாங்கிப் பாதி மீந்த இன்னொரு பாட்டில் இருக்கிறது, அதன் நிறம் இதைவிட நன்றாகக் கருத்திருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? தேதி இன்னும் முடியவில்லை.

மாத்திரைப்பெட்டி:
டாக்டரிடம் பேசியது மிகவும் நல்லது. இரண்டு டாக்டர்களிடம் காட்டும்போது மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி அம்மாவின் பையிலேயே வைத்துவிடுங்கள்.

நிறம் ஓரளவு கருப்பது சர்க்கரைக் கரைசல்களின் இயல்பு, அதனால் மருந்தின் வேலை குறையாது. ஆனால் 30 டிகிரிக்கு மேல் வெப்பத்திலோ நேர் வெளிச்சத்திலோ நெடுநாள் இருந்தால் மிகவும் கருத்துக் கலங்கிவிடும், அதைப் பயன்படுத்தக்கூடாது. பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கலங்கலோ அடியில் படிவோ இருந்தால் வேண்டாம். அதோடு, மேலே அச்சிட்ட தேதி திறக்காத பாட்டிலுக்கு. திறந்தபின் எத்தனை நாள் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். போன வருடம் திறந்தது என்றால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை, எடுத்துக்கொண்டுபோய் மருந்துக்கடையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். புதிய பாட்டில் திறந்த தேதியை இன்றே லேபிளில் பேனாவால் எழுதிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டியதில்லை, ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, அடுப்புப் பக்கமும் ஜன்னல் ஓரமும் இல்லாத அலமாரி போதும்.